முகவரி தேடி வந்த அட்டை

ஓணத்துக்கு நான்கு நாள் முன்பு, நாகர்கோவில் வடசேரியிலிருந்து என் அத்தை கொடுத்தனுப்பிய உறை ஒன்று திருவனந்தபுரம் கரமனையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தது. பஸ்ஸில் வந்த உறவினர் முறுக்கு டப்பாவை முதலில் நீட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த உறையை எடுத்து, “இதப் பிள்ளை கையிலதான் குடுக்கணும்னு சொன்னாவ” என்று என் மகளிடம் தந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் அட்டை. ஐயாயிரம் ரூபாய்க்கான பரிசு அட்டை, அதாவது கிஃப்ட் கார்டு.

மகள் அனிமேஷன் படிக்கிறாள். கணினியோடு இணைத்து வரையும் பலகை ஒன்று வேண்டுமென்று அவள் ‘ஆச்சி’ என்று அழைக்கும் என் அத்தையிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். அத்தை அதை மறக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. “என்ன பலகையோ எனக்குத் தெரியாது, நீயே பாத்து வாங்கிக்க மக்ளே” என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்தார்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். முன்பக்கம் பதினாறு இலக்கங்கள், காலாவதியாகும் மாதமும் ஆண்டும். பின்பக்கம் கறுப்புப் பட்டை, அதன் கீழ் மூன்று இலக்க சிவிவி எண். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எந்த மனிதர் பெயரும் இல்லை. ‘கிஃப்ட் கார்டு’ என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். யாருடையது, எந்த வீட்டைச் சேர்ந்தது என்று சொல்ல அதில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. அடுத்த மூன்று வாரம் நாங்கள் பட்ட பாடு பெரும்பாலும் அந்த ஒரு குறையைச் சுற்றியே நடந்தது. கற்றுக்கொண்டதும் அதிலிருந்துதான்.

அட்டை பிறந்தது நாகர்கோவிலில், அத்தைக்குப் பென்ஷன் வரும் வங்கிக் கிளையில். கவுன்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவர் கணக்கிலிருந்து ஐயாயிரம் எடுக்கப்பட்டு அட்டையில் ஏற்றப்பட்டது. இதற்கென்று ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் இருக்கின்றன. முன்கூட்டியே பணம் ஏற்றிய அட்டை, வாலட், வவுச்சர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2021 ஆகஸ்ட் 27 அன்று அது வெளியிட்ட தலைமை வழிகாட்டுதலில் பரிசு அட்டைக்குத் தனி இடம் உண்டு. ஓர் அட்டையில் 10,000 ரூபாய்க்கு மேல் ஏற்றக்கூடாது. தீர்ந்தபின் மறுபடி நிரப்ப முடியாது. அதிலிருந்து ரொக்கம் எடுக்கவோ வேறு கணக்குக்கு மாற்றவோ முடியாது. வாங்கிக் கொடுப்பவர் யார் என்ற விவரம் வங்கியிடம் இருக்கவேண்டும். கொடுப்பவருக்கு அந்த வங்கியிலேயே கணக்கு இருந்து, அதிலிருந்து பணம் போனால் தனியாக அடையாளச் சான்று கேட்கமாட்டார்கள்.

ஆக, வங்கியின் ஏட்டில் இந்த அட்டைக்குப் பின்னால் இருக்கும் ஆள் என் அத்தை. பயன்படுத்தப் போகிறவள் என் மகள். அவளைப் பற்றி வங்கிக்கு ஒன்றும் தெரியாது. படிவத்தில் ‘கைப்பேசி எண்’ என்ற கட்டத்தில் அத்தை தன் எண்ணையே எழுதிவிட்டார். தன் எண்ணைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பரிசு அட்டையில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று ஓர் எல்லைக்குள் மட்டும் செல்லும். அப்படிப்பட்ட பணம் இந்த ஊருக்குப் புதிதல்ல. திருவிதாங்கூருக்குத் தன் சொந்தக் காசு இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளிச் சக்கரம் விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. கையால் எண்ண முடியாது என்பதால் சக்கரப் பலகை வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாகச் சின்னக் குழி வெட்டிய மரப் பலகை அது. காசைக் குவியலாகக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழுந்து நிற்கும், மீதி உருண்டுவிடும். பலகை நிறைந்தால் எத்தனை என்று கணக்கு. அந்தச் சக்கரத்துக்கு இங்கே மதிப்பு. எல்லை தாண்டி பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் போனால் மாற்றித்தான் ஆகவேண்டும், அதற்கும் கணக்கு இருந்தது. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம்.

ஒரு கடையோ நிறுவனமோ தன்னிடம் மட்டும் செலவழிக்கத் தரும் பரிசு அட்டை அந்தச் சக்கரத்தைப் போன்றது. அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதிகூடத் தேவையில்லை. அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் குறியீட்டை ஏற்றினால் தொகை வந்து உட்கார்ந்துகொள்ளும், பற்றாததை யூபிஐ மூலமோ வேறு அட்டையாலோ கொடுக்கலாம். கணக்கில் உங்கள் பெயரும் முகவரியும் முன்பே இருப்பதால் கேள்வி குறைவு. வங்கி தரும் அட்டை வேறு ரகம். அது எந்தக் கடைக்கும் போகும். எங்கும் போகிறது என்பதாலேயே போகுமிடமெல்லாம் ‘நீ யார், எந்த ஊர்?’ என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

அத்தை சிறுமியாக இருந்தபோது பணம் வந்த விதத்தை நினைத்தால் வேறுபாடு புரியும். 1880-ல் இந்திய அஞ்சல் துறை தொடங்கிய மணியார்டர்தான் அன்று பணத்துக்குக் கால். படிவத்தில் முதலில் எழுதுவதே பெறுபவரின் பெயரும் முகவரியும். கடைசியில் தனியே கிழித்துத் தரும் துண்டில் நாலு வரி நலம் விசாரிக்க இடம் இருக்கும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து நோட்டை எண்ணிக் கொடுத்து, கையெழுத்தோ ரேகையோ வாங்கிக்கொண்டு போவார். முகவரி இல்லாமல் மணியார்டர் ஓர் அடி நகராது. அந்தப் பழைய படிவ மணியார்டர் 2015-ல் விடைபெற்றது. இன்று அத்தை அனுப்பிய பணத்துக்கு முகவரி இல்லை. எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற சுதந்திரம் அதற்கு உண்டு. ஆனால் போய்ச் சேருமிடத்தில் யாராவது ஒருவர் அதற்கு முகவரி கொடுத்தாகவேண்டும்.

முதல் முயற்சியில் மகள் வெளிநாட்டுத் தளம் ஒன்றுக்குப் போனாள். அவள் விரும்பிய பலகையும், அதோடு வரைவதற்கான மென்பொருளும் சேர்த்து மாதச் சந்தாவாக அங்கே கிடைத்தது. அட்டை எண்ணை அடிக்கும்போது ஓர் இலக்கம் தவறியது. வங்கிவரை போகாமலே, ‘எண் செல்லாது’ என்று பக்கம் உடனே சிவந்தது. அட்டையின் கடைசி இலக்கம் முந்தைய பதினைந்தையும் கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்கென்றே வைக்கப்பட்டது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தக் கணக்கு முறை, எழுபது ஆண்டு கழித்துக் கரமனையில் ஒரு பெண்ணின் விரல் தடுக்கியதைப் பிடித்துக் கொடுத்தது.

எண்ணைத் திருத்தியபின் வந்தது பில்லிங் விவரம் கேட்கும் படிவம். அட்டையில் உள்ள பெயர், தெரு எண், ஊர், ஜிப் கோடு. பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது? மகள் தன் பெயரை எழுதினாள். எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்தாள். மறுக்கப்பட்டது. வடசேரி முகவரியைக் கொடுத்துப் பார்த்தாள். அதுவும் மறுக்கப்பட்டது. ‘முகவரி பொருந்தாததுதான் காரணம்’ என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

உண்மைக் காரணம் வேறு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் முகவரி சரிபார்ப்பு என்று ஒரு முறை உண்டு. நீங்கள் எழுதும் முகவரியில் இருக்கும் எண்களை மட்டும், அதாவது கதவு எண்ணையும் ஜிப் கோடையும், அட்டை தந்த வங்கியிடம் உள்ள எண்களோடு ஒப்பிடுவார்கள். பொருந்தினால் உடையவர்தான் வாங்குகிறார் என்று நம்பிக்கை. பெயரில்லாத பரிசு அட்டைக்கு வங்கியிடம் முகவரியே இருக்காது என்பதால், அங்கே அட்டையைப் பெறுபவர் முதலில் வழங்கிய நிறுவனத்தின் தளத்துக்குப் போய்த் தன் ஜிப் கோடைப் பதிவு செய்துகொள்வார். அதன்பின் கடைத் தளத்தில் அதே எண்ணை எழுதினால் வேலை நடக்கும்.

இந்தியா வேறு வழியில் போனது. இணையத்தில் அட்டையைப் பயன்படுத்தும்போது அட்டையில் இல்லாத இன்னொரு சான்றும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. அதுதான் இன்று நம் எல்லோர் வாயிலும் புழங்கும் ஓடிபி. இங்கே உடையவரை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் முகவரி அல்ல, கைப்பேசி. எங்கள் அட்டை அந்த வெளிநாட்டுத் தளத்தில் தோற்றதற்கு முகவரி காரணமே இல்லை. உறையோடு வந்த சிறு எழுத்துத் தாளை நிதானமாகப் படித்தபோது தெரிந்தது. அட்டை இந்தியாவுக்குள், ரூபாயில் மட்டும் செல்லும். மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் சந்தாவுக்கும் ஆகாது. எந்த முகவரியை எழுதியிருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்காது.

இது எங்கள் வீட்டுச் சங்கடம் மட்டுமல்ல. வளைகுடாவில் வேலைக்குப் போன அப்பாக்கள் நிறைந்த ஊர் இது. துபாயில் வாங்கிய ஆப் ஸ்டோர் பரிசுக் குறியீட்டை அப்பா வாட்ஸாப்பில் அனுப்புவார், பிள்ளை இங்கே தன் கணக்கில் அடித்துப் பார்ப்பான், ஏறாது. குறியீடு எந்த நாட்டில் விற்கப்பட்டதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும். கணக்கின் நாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்றால், ஆப்பிள் கணக்கில் மீதித் தொகை இருக்கும்வரை நாட்டை மாற்ற விடாது. ஆசையாக அனுப்பிய பணம் இரண்டு நாட்டுக்கும் நடுவே நின்றுவிடும். அனுப்புகிறவர்கள் வாங்குமுன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: பெறுபவரின் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது?

இரண்டாம் முயற்சி உள்நாட்டுத் தளத்தில். பலகையின் விலை 5,299 ரூபாய். அட்டையில் ஐயாயிரம். ‘மீதி 299 ரூபாயை என் அட்டையில் கொடுக்கிறேன்’ என்றேன். தளத்தில் அதற்கு வழி இல்லை. ஒரு வாங்கலுக்கு ஒரே அட்டை. அட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று கடைக்குத் தெரியாது. முழுத் தொகையையும் கேட்கும், வங்கி இல்லை என்று சொல்லும், அவ்வளவுதான். ஆனால் அட்டை எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பார்த்தே அது எந்த வங்கியுடையது, கடன் அட்டையா, டெபிட் அட்டையா, முன்பணம் ஏற்றியதா என்று கடையின் கணினி அறிந்துகொள்ளும். முன்பணம் ஏற்றிய அட்டை வேண்டாம் என்று சில தளங்கள் ஒதுக்குவதும் அந்த இலக்கங்களை வைத்துத்தான்.

மகள் இன்னும் ஒரு வாரம் தேடி 4,720 ரூபாய்க்கு வேறொரு பலகையைக் கண்டுபிடித்தாள். மூன்றாம் முயற்சி. மறுபடி அதே படிவம், அதே கட்டங்கள்.

திருவனந்தபுரத்தில் முகவரி எழுதுவது என்பதே ஒரு கலை. மாநகராட்சி தந்த டி.சி. எண் ஒன்று, குறுக்குக் கோடு போட்டு நீளமாக இருக்கும். குடியிருப்போர் சங்கம் தந்த எண் வேறொன்று. வீட்டுக்கென்று ஒரு பெயர். அதற்குப் பிறகு ‘இன்ன கோவிலுக்கு எதிரில்’ என்ற குறிப்பு. தபால்காரருக்கு வீட்டுப் பெயர் போதும். கூரியர் பையனுக்குக் கோவில் வேண்டும். படிவத்துக்கோ ‘முகவரி வரி 1’, ‘வரி 2’ என்று இரண்டே கட்டம். மகள் நான்கையும் எப்படியோ அதற்குள் அடக்கினாள். பெயர்க் கட்டத்தில் தன் பெயர். நாங்கள் இதற்குள் தெரிந்துகொண்டிருந்தோம்: உள்நாட்டு வாங்கலில் உடைமையைத் தீர்மானிப்பது ஓடிபி. இந்தப் படிவத்தில் எழுதும் பெயரும் முகவரியும் பில்லுக்குப் போகிறவை. ஆகவே யார் வாங்குகிறாரோ அவருடைய உண்மைப் பெயரையும் முகவரியையும் எழுதுவதே சரி.

பொத்தானை அழுத்தினாள். ஓடிபி வடசேரியில் ஒலித்தது.

அத்தை அப்போது அடுப்படியில் இருந்திருக்கிறார். போனை எடுக்குமுன் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை அழுத்துமுன் மகள் அவரை லைனில் வைத்துக்கொண்டாள்.

“ஆச்சி, இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதச் சொல்லுங்க.”

“வந்து கெடக்கு மக்ளே. ஆனா இத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுல்லா போட்டிருக்கான்?”

“நான்தானே ஆச்சி கேக்குதேன்!”

“நீதான். குரல் தெரியுது. இரு, இதுல எவ்வளவு ரூவா, எந்தக் கடைன்னு எழுதியிருக்கான். நீ சொல்லு, சரியா இருக்கான்னு பாப்போம்.”

மகள் கடையின் பெயரைச் சொன்னாள், 4,720 ரூபாய் என்றாள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீட்டுப்பாடம் திருத்துவதுபோல் ஒருமுறை படித்துப் பார்த்து, “சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு, ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பணம் போனது.

அத்தை செய்ததை எத்தனையோ படித்தவர்கள் செய்வதில்லை. அந்தக் குறுஞ்செய்தியில் எண் மட்டும் இல்லை, தொகையும் கடையும் இருக்கின்றன. எண்ணைச் சொல்லுமுன் அவற்றைப் படிக்கவேண்டும் என்பதற்குத்தான் அவற்றைப் போடுகிறார்கள். எண்ணைச் சொல்வது கையெழுத்துப் போடுவதற்குச் சமம். வெற்றுத் தாளில் நாம் கையெழுத்துப் போடமாட்டோம் அல்லவா? ஆனாலும் வாங்குகிறவர் ஒருவர், ஓடிபி பெறுகிறவர் இன்னொருவர் என்ற நிலையே வேண்டாம். பரிசு அட்டை வாங்கும்போது படிவத்தில் பெறுபவரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

பெயரும் முகவரியும் இல்லை என்ற இதே குணத்தைத்தான் திருடர்களும் விரும்புகிறார்கள். மேலதிகாரியின் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு, ‘மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாகப் பத்து கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை மட்டும் அனுப்பு’ என்று வாட்ஸாப்பில் செய்தி வரும். அட்டையே வேண்டாம், எண் போதும். அனுப்பிய சில நிமிடத்தில் தொகை கரைந்துவிடும், யார் எடுத்தார் என்று அட்டை சொல்லாது. கட்டணமோ அபராதமோ வரியோ எதையும் எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டாகக் கேட்பதில்லை. இந்த ஒன்றை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வைக்கவேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஐந்தாம் நாள் பலகை வந்தது. பெட்டியைப் பிரித்து மகள் பலகையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பில் என் கையில் தங்கியது. பொருளின் விலை 4,000, வரி 18 சதவீதம், அதாவது 720. பொருள் கர்நாடகத்துக் கிடங்கிலிருந்து வந்திருந்ததால் அது ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் தாண்டி வரும் பொருளுக்கான வரி. கீழே ‘வழங்கும் இடம்: கேரளம், 32’ என்று இருந்தது.

அந்த 32-ல் என் கண் நின்றது. வங்கிக்கே தேவைப்படாத முகவரியைப் படிவம் ஏன் அவ்வளவு வற்புறுத்திக் கேட்டது என்பதற்கு அதில் பதில் இருந்தது. ஜிஎஸ்டியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் எண். கேரளம் 32, தமிழ்நாடு 33. ஜிஎஸ்டி, பொருள் செலவாகும் இடத்துக்குச் சேரும் வரி. பொருள் எந்த மாநிலத்தில் போய் நிற்கிறதோ, வரியில் மாநிலப் பங்கு அந்த மாநிலத்துக்கு. 720-ல் பாதி, 360 ரூபாய், கேரளத்தின் கணக்கு. இதே பலகையை வடசேரிக்கு வரவழைத்திருந்தால் அந்த 360 தமிழ்நாட்டுக்குப் போயிருக்கும்.

அத்தை வங்கியில் அட்டை வாங்கியபோது அந்த ஐயாயிரத்துக்கு வரி பிடித்தார்களா? இல்லை. வவுச்சர் என்பது பணத்துக்கு மாற்று. அதைக் கைமாற்றுவது பொருள் விற்பனையும் அல்ல, சேவையும் அல்ல என்று 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மேரில் கூடிய 55-வது ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது. ஆகவே அட்டை நாகர்கோவிலில் பிறந்தபோது அதற்கு மாநிலம் இல்லை. மகள் வீட்டு முகவரியை எழுதிய அந்த நொடியில்தான் அதற்கு ஊரும் மாநிலமும் வந்தன. பரிசு கொடுப்பவர் ஓர் ஊரில், பெறுபவர் வேறு ஊரில் என்றால் பில்லில் இரண்டு முகவரி வரலாம். அப்போது எது கணக்கு? பதிவு பெற்ற வணிகர் அல்லாத நம்மைப் போன்றவர்களுக்குப் பொருள் போய்ச் சேரும் முகவரியே கணக்கு என்று 2024 ஜூன் 26 தேதியிட்ட ஜிஎஸ்டி சுற்றறிக்கை சொல்கிறது.

களியக்காவிளையில் எல்லையைத் தாண்டும்போது பஸ்ஸில் இருப்பவர்களுக்குப் பேச்சுகூட மாறாது. 1956 நவம்பர் 1 அன்று வடசேரி இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருவிதாங்கூர் காலத்தில் வடசேரியும் கரமனையும் ஒரே ராஜ்யம், ஒரே சக்கரம். 1972-ல் வந்த பின்கோடில் இரு ஊருக்கும் முதல் இலக்கம் 6 தான். அங்கே 629, இங்கே 695. அதன் பிறகு வந்த வரி ஏடு 33, 32 என்று பிரித்து எழுதிக்கொள்கிறது. உறவு இந்த எண்களைப் பார்த்து நடப்பதில்லை. ஆனால் பணம் பார்க்கிறது, ஆகவே எண்ணைச் சரியாக எழுதவேண்டும்.

பலகை வந்தபின் அட்டையைத் தூக்கி எறியப் போன மகளைத் தடுத்தேன். அதில் இன்னும் 280 ரூபாய் இருக்கிறது. அது மட்டும் காரணமல்ல. பலகையில் பழுது இருந்து திருப்பி அனுப்பினால் பணம் வந்த வழியே, அதே அட்டைக்குத்தான் திரும்பும். அட்டை குப்பைக்குப் போயிருந்தால் பணத்தைத் தேடி அலையவேண்டும். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மீதத் தொகையைப் பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை. நூறு இருநூறு ரூபாயோடு அட்டை மேசை இழுப்பறையில் கிடந்து காலாவதியாகிவிடும். அந்தப் பணம் அதோடு போய்விடுவதில்லை. அட்டை குறைந்தது ஓராண்டாவது செல்லவேண்டும். காலாவதிக்கு முந்தைய 45 நாளில் வழங்கியவர் நினைவூட்டவேண்டும். அந்த நினைவூட்டல் பதிவான கைப்பேசிக்குத்தானே வரும்? எண் யாருடையது என்பது இங்கேயும் முக்கியம். வங்கி அல்லாத நிறுவனம் வழங்கிய அட்டையானால், காலாவதியான பிறகும் மூன்று ஆண்டுக்கு அந்த மீதியை அது தன் லாபத்தில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. கேட்டுப் பெறும் வழியும் உண்டு. பரிசு அட்டையைப் புதுப்பித்தும் தரலாம், பெறுபவர் சம்மதித்தால் பணத்தை அது வந்த கணக்குக்கே திருப்பவும் செய்யலாம். இத்தனையும் விதியில் இருக்கிறது. கேட்பவர்தான் குறைவு.

280 ரூபாயை எங்கே செலவழிப்பது என்று யோசித்தபோது மகள் சொன்னாள்: “ஆச்சிக்கே ஏதாவது வாங்கலாம்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலராமபுரம் போனோம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில்தான் அந்த ஊர். அங்கே நெய்கிறவர்களின் முன்னோர் பலர் இருநூறு ஆண்டுக்கு முன் பாலராம வர்மா காலத்தில் தமிழ் நாட்டுப் பக்கமிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர்கள். சின்னக் கடை. உள்ளறையில் தறி ஓடும் சத்தம் கேட்டது. கசவு வைத்த முண்டும் நேரியதும் ஒரு ஜோடி எடுத்தோம். கடைக்காரரிடம் நிலைமையைச் சொன்னேன். “அதற்கென்ன, 280-ஐ அட்டையில் இழுத்துக்கொள்கிறேன், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்” என்றார். இணையத்தில் ஒரு வாரம் தேடிக் கிடைக்காத வழி, கல்லாப் பெட்டிக்கு முன்னால் அரை நிமிடத்தில் கிடைத்தது. உறையோடு வந்திருந்த நான்கு இலக்க ரகசிய எண்ணை மகள் அழுத்தினாள். இயந்திரம் சீட்டைத் துப்பியது. அது பெயரும் கேட்கவில்லை, முகவரியும் கேட்கவில்லை.

கடைக்காரர் கேட்டார். துணியை மடித்துக்கொண்டே, “யாருக்கு, எந்த ஊருக்குப் போகிறது?” என்றார். வடசேரி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. “எங்க ஆட்களும் அந்தப் பக்கம்தான்” என்று தமிழிலேயே சொல்லி, மேலே இன்னொரு தாளைச் சுற்றி, முகவரி எழுத இடம் விட்டு நூலால் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் தபால் ஆபீஸில் மகள் அந்த இடத்தில் எழுதினாள். ஆச்சியின் பெயர், வீட்டு எண், தெரு, வடசேரி, நாகர்கோவில், 629001. எழுதி முடித்து, எண்களை ஒருமுறை சத்தமாகப் படித்துச் சரிபார்த்துக்கொண்டாள்.